மூன்று பட்டப்படிப்புகளும் என் ஒரு கையெழுத்தும்

1

இந்தக் கதை ஒரு கல்லூரிக் கையேட்டிலிருந்து வந்தது. சொந்தக் கற்பனை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். வீடு மாற்றியபோது பெட்டியின் அடியில் 1999-ஆம் ஆண்டுக் கையேடு கிடைத்தது. காக்ஸ் டவுனில் நான் இயற்பியல் நடத்திய சிறிய கல்லூரியுடையது. அந்த ஆண்டு மூன்று புதிய பட்டப்படிப்புகளைத் தொடங்கினோம்: இயற்பியல், பணியிடத் தலைமை, இசைக் கற்பித்தல். ஏன் இந்த மூன்றும் என்று கேட்காதீர்கள். மூன்றுக்கும் நடத்த ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜூன் மாத மழை கல்லூரியின் ஓட்டுக் கூரைமேல்..." [நிறுத்திவிட்டேன். எங்களுடையது கான்கிரீட் கூரை. அன்றைக்கு மழையும் இல்லை.]

அடுத்து: "மௌரீனின் விரல்கள் பியானோவில்..." [பியானோ ஏது? ஒரு பழைய கீபோர்டு. அதிலும் ஒரு கட்டை அழுத்தினால் எழாது. இசை ஆசிரியை மௌரீன் அதை நகத்தால் தூக்கிவிட்டபடியே வாசிப்பார்.]

அழகாகத் தொடங்குவது எனக்கு வராது. விஷயத்துக்கு வருகிறேன்.

2

அந்தக் காலத்தில் எங்கள் கையேடு கத்தரிக்கோலாலும் பசையாலும் உருவானது. அலுவலகத் தட்டச்சர் காந்தா ஒவ்வொரு பாடத்தையும் அடித்து, துண்டு துண்டாக வெட்டித் தாளில் ஒட்டுவார். அந்தத் தாள்கள் ஆசிரியர் அறைக்கு வரும். எல்லோரும் பிழை பார்த்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும்.

எல்லோரும் பார்த்தோம். அவரவர் பக்கத்தை. அதிலும் முதலில் அவரவர் பெயரை, பெயருக்குப் பின்னால் உள்ள பட்டங்களை. என் எம்.ஃபில்.-இல் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். பிறகு காந்தாவின் கண்ணெதிரே, மற்ற பக்கங்களைப் புரட்டாமலே மொத்தக் கையேட்டுக்கும் கையெழுத்திட்டேன்.*

* பிழைதிருத்தப் பொறுப்பாளர் நான்தான். 'என் கண்ணுக்குத் தப்பி எதுவும் அச்சுக்குப் போகாது' என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

அச்சாகி வந்த கையேட்டில், பணியிடத் தலைமை மாணவர்களின் முதல் பருவச் செய்முறைத் தேர்வு இப்படி இருந்தது: 'நான்கு குரல் பாடற்குழு ஒன்றை அமைத்து, ஒரு பாடலை நடத்திக் காட்டுதல். நூறு மதிப்பெண்.' இசைப் படிப்புக்கான துண்டு. காந்தா அதை இரண்டு பிரதி எடுத்ததில், கூடுதலாக இருந்தது அங்கே போய் உட்கார்ந்துவிட்டது.

3

இங்கே காந்தாவை ஒரு வீராங்கனையாக்கப் பார்த்தேன். மௌரீனின் வேலையைக் காப்பாற்ற அவர் வேண்டுமென்றே ஒட்டினார் என்று எழுதினேன். காரணமும் இருந்தது. வாரத்துக்குப் பதினாறு மணி நேர வகுப்பு இல்லாத ஆசிரியரை எங்கள் கல்லூரி அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ளாது. இசையில் ஒரே ஒரு முதலாண்டு வகுப்பு, அதிலும் ஆறே இடம். மௌரீனுக்குத் தேறியது பன்னிரண்டு மணி நேரம்.

இப்போது ஜீவனஹள்ளியில் இருக்கும் காந்தாவின் வீட்டுக்குப் போய், அவரிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"சும்னே கதை கட்டாதீங்க சார். அன்னிக்கு எனக்கு ஜுரம். எத எங்க ஒட்டுனேன்னே தெரியல. எழுதுறதுன்னா ஜுரம்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

4

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் முதல்வர் சிஸ்டர் அல்போன்சா எங்களை அழைத்தார். மேசைமேல் கையேடு, பக்கத்தில் என் கையெழுத்துள்ள தாள். பணியிடத் தலைமையை நடத்தும் மைக்கேல்ராஜுக்கு ஏற்கெனவே வியர்த்திருந்தது. காந்தா சுவரோரம் நின்றார். மௌரீன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சிஸ்டர், பதினெட்டு வருஷம் ஃபேக்டரியில பர்சனல் ஆபீசரா இருந்தவன் நான். மூணு ஸ்ட்ரைக்க சமாளிச்சிருக்கேன். இருபத்து மூணு பிள்ளைங்கள சேந்து பாட வைக்கிறது என்னால ஆகாது."

"பாட்டு நான் சொல்லித் தர்றேன். வாரம் நாலு மணி நேரம் போதும்" என்றார் மௌரீன். நாலும் பன்னிரண்டும் எவ்வளவு என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "தப்புன்னா சொல்லிடுங்க, ஒரு திருத்தச் சீட்டு ஒட்டிடலாம். தப்பில்லன்னா நடத்தியே ஆகணும். பழனிச்சாமி சார், நீங்க இத படிச்சுப் பாத்துட்டுதானே கையெழுத்துப் போட்டீங்க?"

ஒரு முடிவு: நான் "இல்ல சிஸ்டர், படிக்கல" என்கிறேன். உண்மை. மௌரீன் போய்விடுவார். ஆசிரியர் அறையில் ஆயுள் முழுக்க என்னை ஓட்டுவார்கள். [எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.]

இன்னொரு முடிவு: சரியாக அப்போது கரண்ட் போகிறது, கூட்டம்... [சே.]

நடந்தது இதுதான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "படிச்சேன் சிஸ்டர். யோசிச்சுதான் விட்டேன். நாலு குரல ஒண்ணா சேக்கத் தெரியாதவன், நாளைக்கு ஒரு ஆபீச எப்படி நடத்துவான்?"

எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். மைக்கேல்ராஜ் பார்த்த பார்வையில் நாலாவது ஸ்ட்ரைக் தெரிந்தது.

5

நவம்பரில் தேர்வு. முதலில் வந்த மாணவி தீபிகா, பாடுபவர்களைப் பார்க்காமல் பரீட்சகரைப் பார்த்துக் கையசைத்ததில் பாட்டு நடுவழியில் நின்றது. மறுபடி தொடங்கினாள். அடிக்குரலுக்கு ஆள் போதாமல் மைக்கேல்ராஜே வரிசையில் போய் நின்றார். பாட வைக்கவே ஆகாது என்றவர், முடிந்த பிறகும் ஒரு வரி கூடுதலாகப் பாடினார். இருபத்து மூன்று பேரும் தேறினார்கள். மௌரீனின் வேலையும் நிலைத்தது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் மௌரீன் என்னிடம் வந்தார்.

"நீங்க அந்தப் பக்கத்த படிக்கவே இல்லன்னு காந்தா சொன்னா சார். எனக்காகத்தானே அப்படிச் சொன்னீங்க?"

இதற்கு நான் சொன்ன பதிலை மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்துவிட்டேன். காரணம், அந்த அறையில் வாயைத் திறந்த நொடியில் என் மனதில் இருந்தது மௌரீனா, ஆசிரியர் அறையில் என்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிறவர்களா என்று எனக்கே நிச்சயமில்லை. அவருக்காக என்றால் அது இரண்டாவது பொய்யாகலாம். எனக்காக என்றால், நல்லதாக முடிந்த ஒன்றை நானே கெடுத்ததாகும்.

இவ்வளவு நேரம் படித்தவர் நீங்கள், என்னை ஓரளவு தெரிந்திருக்கும். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மௌரீன் சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்து நிற்கிறார், அவருடைய பஸ் திருப்பத்தில் வந்துவிட்டது.