விலகிப் போகும் குரல்

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த வைத்தீஸ்வரன் ஒற்றை விரலைத் தூக்கினார். மேடையில் அவர் பெண் ஜலஜாவின் குரல் சட்டென்று நின்றுபோயிற்று.

விரல் தூக்குவது அவர் பழக்கம். கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து பதினேழு வருஷமாக ரைட்டர்ஸ் பில்டிங் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். ஆனால் காது மட்டும் கச்சேரிக்காரருடையது என்று அவருக்கு ஒரு எண்ணம். வீட்டில் யார் பாடி மெட்டுத் தவறினாலும் விரல் எழும்பும். பாடியவர் நிறுத்தி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஆறு வயசிலிருந்து ஜலஜா அந்த விரலுக்குக் கட்டுப்பட்டவள். இப்போது பதிமூன்று. பாலிகஞ்ச் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை பரிசளிப்பு விழா. இன்றைக்குப் பெற்றோர் முன்னால் ஒத்திகை. இருபது பெண்களில் மற்ற எல்லோரும் ஓர் இங்கிலீஷ் பாட்டை ஒரே மெட்டில் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருக்க, இந்தப் பெண் மட்டும் எங்கோ உயரத்தில் வேறு எதையோ பாடிக்கொண்டு போனாள். பக்கத்தில் ஆபீஸ் சிநேகிதர் சிவராமகிருஷ்ணன் வேறு. மானமே போயிற்று என்று நினைத்துத்தான் விரலைத் தூக்கினார். குரல் அடங்கியதும் அப்பாடா என்றிருந்தது. அந்தப் பாவத்தையும் சொல்லிவிட வேண்டும்.

குதிரை வண்டியில் ஜலஜா அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பாகீரதியிடம்தான் சொன்னாள்.

"சனிக்கிழமை நான் பாடலைம்மா. பாட்டு டீச்சர் மிஸ் பிஸ்வாஸ்கிட்ட சொல்லிட்டேன். அந்தப் பாகத்தையே எடுத்துடறேன்னுட்டா."

"தப்பாப் பாடினா திருத்திண்டு பாடறது. அதுக்கு ஏன் கோபம்?" என்றார் வைத்தீஸ்வரன்.

"தப்பு இல்லேப்பா. அது டிஸ்கான்ட்."

அவருக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாததைக் கேட்பது அவருக்குக் கசப்பு மருந்து மாதிரி. இருந்தாலும் கேட்டார். ஜலஜா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். லத்தீன் பாஷையில் விலகிப் பாடுவது என்று அர்த்தமாம். எத்தனையோ நூறு வருஷங்களுக்கு முன்னால், ஐரோப்பாவில் கோவில்களில் எல்லோரும் ஒரு பழைய பாட்டைப் பாடும்போது, ஒருத்தர் மட்டும் அதை விட்டு விலகி, வேறொரு மெட்டை அதன்மேல் சேர்த்துப் பாடினாராம். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பாட்டு முழுசாகும் என்று மிஸ் சொன்னாளாம்.

"இருபது பேர்ல என்னை மட்டும்தான் பொறுக்கினா. நான் மட்டும் ஏக்லா பாடணும். நீங்க கையைத் தூக்கினேள், நான் நின்னுட்டேன்."

ஏக்லா, தனியாக. ஆத்திரம் வந்தால் அவளுக்கு வங்காளம்தான் முந்தும்.  எல்லோருக்கும் முன்னால் பெண்ணின் வாயை அடைத்துவிட்டோமே என்று வைத்தீஸ்வரனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியாது. அந்த வித்தையை யாரும் அவருக்குக் கற்றுத் தரவில்லை. சாயங்காலம் காபியை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"மத்தவா பாடற மெட்டை எனக்குச் சொல்லிக் குடு."

"எதுக்கு?"

"நீ மேலே போறதுக்குக் கீழே ஒருத்தர் வேண்டாமா?"

நம்பாமல்தான் சொல்லிக் கொடுத்தாள். குழந்தைப் பாட்டு மாதிரி நாலு வரி. பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டார். ஆனால் அவள் குரல் மேலே ஏறியதும் இவர் குரலும் அதன் பின்னாலேயே ஓடியது. இத்தனை வருஷமாக ஒருவர் போன வழியில் மற்றவர் போவதைத்தானே சங்கீதம் என்று கேட்டிருக்கிறார். இரண்டாம் தரமும் அதே கதை. சமையலறையில் பாகீரதி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"என்கூட வரப்படாதுப்பா," என்றாள் ஜலஜா. "நான் எங்கே போனாலும் நீங்க அங்கேயே இருக்கணும்."

அவர் தலையாட்டினார். கண்ணை இறுக்க மூடி, நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் அவள் பிரிந்து மேலே போனாள். அவருடைய தொண்டை அவளோடு போகத் துடித்தது. கழுத்து நரம்பு புடைக்க, அவர் அதே இடத்தில் பாடிக்கொண்டிருந்தார்.