முழிக்காத பொம்மை

அது எழுபத்தொன்பதாம் வருஷம். ஆபரேஷனுக்கு முன்னால் பிள்ளைகளின் பயத்தைப் போக்குவதுதான் அந்த தில்லி ஆஸ்பத்திரியில் என் வேலை. டாக்டர்கள் என்னை 'விளையாட்டு மேடம்' என்பார்கள். பற்றிக்கொண்டு வரும்.

தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து வந்த ஆராயியின் மகள் வடிவுக்கு மறுநாள் வயிற்றில் ஆபரேஷன். ஒரு துணிப்பொம்மையின் மூக்கில் மயக்க முகமூடியை வைத்துத் தூங்கப் பண்ணினேன். வயிற்றில் கட்டுப் போட்டேன். "தூங்கட்டும். சாப்ட்டுட்டு வந்து எப்படி முழிச்சுக்கறதுன்னு காட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் பொம்மையைக் காணோம்.

"சாக்கடையில போட்டுட்டேம்மா" என்று கும்பிட்டாள் ஆராயி. "புள்ள நோவத்தான் அதுல எறக்கிட்டீங்களே! வச்சிருந்தா திரும்பி வந்து ஒட்டிக்கும். நாங்க வூட்டுக்குப் போலாமில்ல?"

"அறிவிருக்கா உனக்கு? அது வெறும் விளையாட்டு!" என்று கத்தினேன்.

"விளையாட்டுக்கா கட்டுப் போட்டீங்க?"

விளையாட்டு இல்லையென்றால் நான் செய்ததுதான் என்ன? டாக்டர் வந்து அதட்டிய பிறகுதான் அவள் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள்.

மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த வடிவு என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். ஆராயியைத் தாழ்வாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

"ஆன்ட்டி, பொம்மை முழிச்சிருச்சா?"

இல்லை என்று எப்படிச் சொல்வது? "முழிச்சுடுத்துடா கண்ணு" என்றேன்.

அவள் சற்று யோசித்தாள்.

"சாக்கடையில, தனியாவா?"

ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது.