வெளிநாட்டார் பார்த்த கழிப்பறை

எல்லாரும் சௌக்கியமா? வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கிறீர்களா? இந்தக் கதையில் வருகிறவள் குடிக்க மாட்டாள்.

மாம்பழத்தைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் காம்பு நறுக்குகிறவள் அவள். காம்புப் பால் தெறித்து விரலெல்லாம் கொப்புளம். அதுகூடப் பரவாயில்லை, நீர்க்கடுப்புதான் ஆளைக் கொன்றது. டாக்டர் “அடக்காதேம்மா” என்றிருந்தார். அடக்காமல் எங்கே போவது? கொட்டகைக்குப் பின்னால் அழுகல் பழக்குழி. அதன் மறைவில் உட்கார்ந்தால் ஈ முகத்தில் அப்பும்.

அந்த வருடம் பழத்தைக் கடல் தாண்டி விற்கப் பேச்சுவார்த்தை முடியும் கட்டத்துக்கு வந்திருந்தது. அந்த நாட்டு அதிகாரிகள் கொட்டகையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பழத்துக்குள் இருக்கும் ஈப்புழு சாக அதை வெந்நீரில் முக்கியெடுக்க வேண்டும். வேலையாட்களுக்குக் கழிப்பறை வேண்டும். அவசர அவசரமாக வெள்ளை ஓடு பதித்த கழிப்பறை எழும்பியது.

அவர்கள் வரும் காலையில் அவளால் தாங்க முடியவில்லை. உள்ளே போய்விட்டு வந்தாள். சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, உனக்கு இன்னைக்குத்தான் வரணுமா? தரையெல்லாம் ஈரம் பண்ணிட்டியே!”

“கக்கூஸ்னா ஈரமாத்தாண்ணே இருக்கும்.”

“வாயப் பாரு. தொடச்சு விடு.”

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் துடைத்தாள். பக்கத்தில் வேலை செய்யும் நாத்தனார் சிரித்தாள்.

“புது மாப்பிள்ளைக்கு விரிச்ச மெத்தை மாதிரி வச்சிருக்காங்க அண்ணி. நாம உக்காந்தா கசங்கிடுமாம்.”

“இன்னைக்கு மட்டும்தான்டி. பாஸ் ஆயிட்டா நமக்குத்தான்.”

அதிகாரிகள் பழத்தை அறுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஓர் அம்மாள் கழிப்பறை வாசலில் நின்று, மொழிபெயர்ப்பாளர் மூலம் அவளிடமே கேட்டாள்.

“இதை தினமும் நீங்க உபயோகிக்கிறீங்களா?”

சூப்பர்வைசர் கண்ணை உருட்டினார். இல்லை என்றால் அனுமதி போகும், கழிப்பறையும் கூடவே போகும் என்று அவள் பயந்தாள்.

“தினமும் போறோம்மா. நல்லா இருக்கு.”

அனுமதி கிடைத்தது. மறுநாள் கழிப்பறைக் கதவில் பூட்டு.

“அடுத்த வருஷமும் வருவாங்கல்ல, அதுவரைக்கும் புதுசா இருக்கணும்,” என்று சூப்பர்வைசர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “நீதானேம்மா நல்லா இருக்குன்னு சொன்னே.”

அவள் குழிக்கு நடந்தாள். கடல் தாண்டத் தேறாத பழத்தையெல்லாம் கொட்டியதில் குழி நிறைந்து வழிந்தது. செருப்புக்குள் அழுகல் கொழகொழத்தது. துணியைச் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்து, உதட்டில் வந்தமர்ந்த ஈயை ஊதி விரட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம், ஈ நுழையாத வலைக்குள், பழங்கள் வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தன.

உங்கள் வேலையிடத்தில் அந்தச் சாவி யார் பையில் இருக்கிறது? எழுதுங்கள்.