குறையாத மருந்து

பாலக்கரை வீட்டுக்குள் நாத்தனார் ஜோதியின் அலறல் கேட்டதும் பானுமதி குடத்தைக் குழாயடியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். காலை ஐந்தரை மணி. ஏழு வயது மகள் இலக்கியாவுக்குத் தூக்கத்திலேயே வலிப்பு. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிய, வலது கன்னமும் கையும் வெட்டி வெட்டி இழுத்தன. ஜோதி, பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு, பல்லிடுக்கில் கரண்டிக் காம்பை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

“எடுங்க அண்ணி அதை!”

பிடுங்கி எறிந்தாள். முன்பல் சில்லுப் பெயர்ந்து உதடெல்லாம் ரத்தம். மகளை ஒருக்களித்துக் கிடத்திவிட்டு மணியைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ். நல்லவேளை, இரண்டாவது நிமிஷத்தில் நின்றது.

“நாக்கைக் கடிச்சுக்கும்னுதான்...”

“பல்லை உடைச்சிட்டீங்களே!”

மூன்று மாதமாக வராத வலிப்பு. பானுமதி அலமாரியைத் திறந்தாள். வலிப்பு மருந்துப் பாட்டிலைப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. மருந்து கழுத்தளவு நின்றது. ஜவுளிக்கடையில் அவளுக்கு மாலை ஷிஃப்ட். மருந்து இரவு ஒருவேளைதான்; அதைக் கொடுப்பது புருஷன் பாலுவின் பொறுப்பு.

“கொடுத்தீங்களா, இல்லையா?”

பாலு தரையைப் பார்த்தான். “பொம்பளப் புள்ள, மருந்து குடிச்சுக் குடிச்சு மந்தமாயிடும்னு சொன்னாங்க. வலிப்புதான் நின்னுபோச்சேன்னு...”

“யாரு சொன்னா? அவங்களை வந்து இப்ப பாக்கச் சொல்லுங்க!”

நால்வரும் தில்லைநகர் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் ஷெர்லின் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மருந்தைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு திரும்பி வரும். இது தூக்கத்துல வர்ற வகை. நிறையப் பிள்ளைங்களுக்குப் பதினஞ்சு வயசுக்குள்ள தானா விட்டுடும். அதுவரைக்கும் மருந்தும் தூக்கமும் தவறக் கூடாது. சில குடும்பத்துல வழிவழியா வரும். போன தடவையே கேட்டேனே...”

ஜோதி முந்திக்கொண்டாள். “என் தம்பி இவனுக்கே பத்து வயசு வரைக்கும் வந்துச்சுங்க. வயித்துல சூடு போட்டப்புறந்தான் நின்னுச்சு.”

“சூட்டால நிக்கலம்மா. வயசு ஏறி நின்னிருக்கும்.”

வயிற்றில் இருப்பது வெந்நீர் கொட்டிய தழும்பு என்று பாலு ஒன்பது வருஷமாகச் சொல்லியிருந்தான். பானுமதிக்கு உடம்பு பற்றி எரிந்தது. வெளியே வந்ததும் வெடித்தாள்.

“அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்களே! நான் வையம்பட்டிக்குப் போய், நம்ம வம்சத்துல யாருக்கு இருந்துச்சுன்னு எங்கம்மாகிட்ட சண்டை போட்டேன். பாவம், அழுதாங்க.”

“சொன்னா நீ என்ன நெனைப்பியோன்னு...”

“நான் நெனைக்கிறது பெருசா, அவ உசுரு பெருசா?”

பக்கத்து மெடிக்கல் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. இரவு பாலுவே மூடியில் மருந்தை அளந்து ஊட்டினான். குடித்துவிட்டு இலக்கியா கேட்டாள்.

“அப்பா, உனக்கும் வந்துச்சா?”

“வந்துச்சுடா.”

“வலிச்சுதா?”

“அது வந்ததே தெரியாது. சூடு போட்டதுதான் வலிச்சுது.”

கேட்டுக்கொண்டிருந்த பானுமதிக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. ஆனாலும் மன்னிக்க மனசு வரவில்லை. இனி இரவு மருந்தைத் தானே கொடுப்பதென்று, மறுநாளே மேனேஜரிடம் மல்லுக்கட்டிக் காலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டாள்.