ஒரு மம்மட்டி குறையுது

"நாளையிலேருந்து அஞ்சு மம்மட்டி வந்தாப் போதும். கூடை வேணாம்."

வண்டியை விட்டு இறங்காமலே சொன்னான் ஜெயகணேஷ். கான்ட்ராக்டரின் ஆள் அவன். மழைக்கு முன்னால் நகரியத்து வாய்க்கால்களைத் தூர்வாரும் வேலை. வெட்டிப் போட்ட சேற்றை அள்ள இனிமேல் ஜேசிபி வருமாம்.

அந்தக் கூட்டத்தில் மம்மட்டி என்றால் வெறும் இரும்பில்லை, ஆள். வெட்டுகிற ஆம்பளை மம்மட்டி, சுமக்கிற பொம்பளை கூடை. காலையில் தலை எண்ணும்போதே "எத்தினி மம்மட்டி, எத்தினி கூடை?" என்றுதான் கேட்பார்கள். பெரியநாயகி வந்த நாளிலிருந்து கூடை. அவள் புருஷன் வேணு மம்மட்டி. சைக்கிளிலிருந்து விழுந்து அவனுக்கு வலது தோள் போனதிலிருந்து அவன் வீட்டோடு கிடந்தான். அவள் அதே கூட்டத்து மணிமாறன் வெட்டுக்குச் சுமந்துகொண்டிருந்தாள். இப்போது அதுவும் இல்லையென்றால் இந்தக் கூட்டத்தோடு இருந்த ஒட்டே அறுந்துவிடும்.

"அஞ்சு மம்மட்டி எங்க இருக்குது? எண்ணிப் பாரு தம்பி, நாலுதான். எங்க வூட்டு மம்மட்டி எடத்துல நான் வெட்டறேன்" என்றாள்.

மணிமாறன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா வெட்டுனா வாய்க்காத் தண்ணி மேட்டப் பாத்து ஓடும்டா!"

"உன் மம்மட்டிப் பல்ல மூடு. இத்தினி நாளு நீ வெட்டுனத நாந்தான சுமந்தேன்? உன் வெட்டு லட்சணம் எனக்குத் தெரியாதா?"

ஜெயகணேஷ் யோசித்தான். "சரிங்க. நாளைக்கு வெட்டுங்க. மத்தியானத்துக்குள்ள உங்க பங்கு முடியலன்னா வேற ஆளப் போட்டுடுவேன். அப்பறம் என்கிட்ட வருத்தப்படக் கூடாது."

மரத்தடிச் சாலையில் பெரியநாயகி வீட்டுக்கு நடந்து போனாள். இந்த மரங்களில் பாதிக்குக் குழி போட்டது அவர்கள்தான். அப்போது அவள் காடாம்புலியூரிலிருந்து புதுசாக வந்த பெண். "ஒரு மரத்துக்கு ரெண்டு மம்மட்டி ஆழம்" என்பார் அன்றைய மேஸ்திரி. வேணு வெட்டுவான், அவள் கூடையை நீட்டுவாள். சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்த சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். ஓரத்தில் ஒதுங்கி நின்று இரண்டு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். குவார்ட்டர்ஸ் தெற்கத்தி அம்மா ஒருத்தி மோர் கொண்டுவந்து, "மம்பட்டிய ஓரமா சாத்திட்டுக் குடிங்க, பிள்ளைக நடமாடுற எடம்" என்பாள். மம்பட்டி என்று அவள் சொல்வதைக் கேட்டு இவர்கள் சிரிப்பார்கள், அவள் இவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. "வேணு மம்மட்டிக்கு யாரு கூடை?" என்று கேட்டால் கூட்டமே அவளைக் கைகாட்டும். கல்யாணப் பேச்சு வீட்டுக்கு வருவதற்கு ரொம்ப முந்தியே கூட்டத்தில் முடிந்துபோன விஷயம் அது. இன்றைக்கும் புருஷன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் வாயில் மம்மட்டி என்றுதான் வரும்.

விஷயத்தைக் கேட்ட வேணு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஊரு சிரிக்கும்."

"இன்னிக்கே சிரிச்சாச்சி. நாளைக்குப் புதுசா என்னா சிரிக்கப் போவுது?"

 படுக்கப் போகுமுன் அவன் எழுந்து, இவ்வளவு நாளும் காய்ந்து கிடந்ததில் பிடி ஆடிப்போன மம்மட்டியை இடது கையால் இழுத்துவந்து தண்ணீர் வாளிக்குள் தலைகீழாக வைத்தான். விடிவதற்குள் கட்டை ஊறி இரும்பைக் கவ்விக்கொண்டது.

மறுநாள் அவளுக்கு விழுந்தது குவார்ட்டர்ஸ் பின்சந்து. முதல் பத்து வெட்டு காலடியிலேயே விழுந்தது. அப்புறம் இடுப்பு பழகிவிட்டது. சேறு பாளம் பாளமாகப் பெயர்ந்து கரையேறியது. சிரிக்க வந்த மணிமாறன் சிரிக்காமல் திரும்பிப் போனான்.

வெட்டினதை வைக்கத்தான் இடமில்லை. இரண்டு பக்கமும் குடியிருப்பவர்கள் வளர்த்த பலாவும் முருங்கையும். ஜேசிபி சந்து முனையோடு நின்றுவிட்டது. கரையில் குவிந்த சேறு மறுபடியும் வாய்க்காலுக்குள்ளேயே சரிந்தது.

ஜெயகணேஷ் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். "வெட்டு நல்லாத்தாங்க இருக்குது. ஆனா மண்ணு முனைக்குப் போவணுமே. கூடை யாரையும் வரச்சொல்லலியே. மத்தவன் பங்கெல்லாம் முடியப் போவுது. வேற ஆளுன்னா அவனே சுமந்துகினு அவனே வெட்டிப்பான்..."

கஞ்சித் தூக்கைச் சைக்கிளில் மாட்டித் தள்ளிக்கொண்டு வந்த வேணு, முருங்கை மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கஞ்சி குடிக்க மற்ற மம்மட்டிகளோடு வந்த மணிமாறன் விடுவானா? "மாமா, அக்கா மம்மட்டிக்கு ஒரு கூடை குறையுதாம். ஆம்பளக் கூடை எங்கயாச்சும் கெடைக்குமா?"

நாலு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். பெரியநாயகி நிமிரவில்லை. புருஷனைப் பார்த்தால் கெஞ்சுவது போலாகிவிடும். வெட்டினாள்.

சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"தோளுதான்டா போச்சி, தலை இருக்குது" என்றான் வேணு.

தோளில் கிடந்த துண்டை எடுத்து இடது கையாலேயே தலையில் சுற்றினான். மாப்பிள்ளைக்கு உருமா கட்டியது மாதிரி இருந்தது. அவள் பழக்கத்தில் கொண்டுவந்திருந்த தன் கூடையில் சேற்றை அள்ளிப் போட்டு ஏற்றிவிட்டாள். இரண்டடி வைப்பதற்குள் கூடை சாய்ந்து, சேறு முதுகோடு வழிந்து வேட்டிக்குள் இறங்கியது.

"மம்மட்டி, உனக்கு இது கூடத் தெரியலியா?" வாய்விட்டுச் சிரித்துவிட்டாள் அவள்.

"நான் எங்க சுமந்தேன்? உன் தலையிலதான ஏத்திவுட்டேன்" என்றான். சொன்ன பிறகு தரையைப் பார்த்தான்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு துண்டை அவிழ்த்தாள். முறுக்கி, வளையமாகச் சுற்றி, நுனியைச் செருகி, சும்மாடாக்கி அவன் உச்சியில் அழுத்தி வைத்தாள்.

"கழுத்த ஆட்டாத. காலப் பாக்காத, தூரத்தப் பாரு. போ."