பெரியவளின் மிஷின்

தடுப்பூசி போடாதவள் என்று சின்னவளைச் சட்டைக் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே நிறுத்திய நான்காம் நாள் காலையில், அவளுடைய தையல் மிஷின் தானாகப் புறப்பட்டு அவளிடம் போய்ச் சேர்ந்தது. ஒயரைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு வரிசைக்கு நடுவே சந்து பார்த்து நகர்ந்து, கேட்டைத் தாண்டிச் சுவரோரமாக நின்றது. ஸ்டூல் பின்னால் வந்தது. வெளியே போகும் சாமான் என்பதால் செக்யூரிட்டி நோட்டில் நேரம் குறித்துக்கொண்டார், எட்டு மணி பத்து நிமிடம். சின்னவள் உட்கார்ந்து, மேலே கிடந்த துணிக்கட்டைப் பிரித்துத் தைக்க ஆரம்பித்தாள். கரண்டு எங்கிருந்து வருகிறது என்று எலக்ட்ரீஷியன் இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சாயங்காலமானால் நான்கு பேர் மிஷினைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். காலையில் அது புதுத் துணிக்கட்டோடு மறுபடி வெளியே நிற்கும்.

ஊசி போட்டவர்களுக்குத்தான் வேலை என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எல்லோரும் போட்டுக்கொண்டார்கள், இரண்டு நாள் கை வலித்தது, அவ்வளவுதான். சின்னவள் கதை வேறு. பன்னிரண்டு வயதில் ஓர் ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் தொண்டை வீங்கி, மூச்சடைத்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அன்றிலிருந்து இடது கால் இழுக்கும். அந்த மருந்தில் இருந்த ஒன்று இதிலும் இருக்கிறது, இவளுக்குப் போடக்கூடாது என்று டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். எழுதின கையோடு வேலையை விட்டு எங்கோ போய்விட்டார். ஒரு மூலையில் இடம் கொடுத்தால் முகத்தை மூடிக்கொண்டு தைக்கிறேன் என்றுதான் சின்னவள் கேட்டாள். உள்ளே போக அனுமதி இல்லாததால், கடிதத்தை ஆபீசில் சேர்க்கச் சொல்லித் தன் அக்காவிடம் கொடுத்தாள். பெரியவள் அதே வரிசையில், பக்கத்து மிஷினில் காலர் தைப்பவள்.

பெரியவள் அதைத் தன் மிஷின் இழுப்பறையில், நூல் பாபின்களுக்கு அடியில் வைத்து மூடினாள். காரணம் பொறாமை. வேறு நல்ல பெயர் வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் பொருந்தவில்லை. சின்ன வயதில் ஜன்னலோரக் கட்டில் சின்னவளுக்கு, இரண்டு தலையணை சின்னவளுக்கு, மணிக்கொரு தடவை அம்மாவின் கை போய் உட்கார்ந்ததும் சின்னவள் நெற்றியில். பெரியவளுக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லை. அதனால் அவள் நெற்றியை யாரும் தொட்டுப் பார்த்ததுமில்லை. ஒரே ஒரு நாள் அவளும் தவிக்கட்டும், நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். நாளை நாளை என்று மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் மிஷின் புறப்பட்டதைப் பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது, கடிதத்தைக் கொடுக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டாள்.

"பதினாலு வருஷமா உனக்கு எண்ணெய் போட்டு, தூசி தட்டி, தங்கமாட்டம் வச்சிருக்கேன். எனக்காக ஒரு இஞ்ச் நகர்ந்திருக்கியா நீ?" என்று தன் மிஷினைப் பிடித்து உலுக்கினாள். அது கம்மென்று நின்றது. மத்தியானம் கேண்டீன் வாசலில் நின்றுகொண்டு, அது பின்னால் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒருநாள் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டு, பொழுது சாயும்வரை வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வரவில்லை.

இப்படியே ஏழு மாதம். சின்னவள் தைத்ததைக் கம்பெனி தொடவில்லை. சட்டைக் கைகள் சுவரோரம் இடுப்பளவு குவிந்தன. "லெட்டரைக் குடுத்தியாக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் பெரியவள், "அப்பவே குடுத்துட்டேன்டி. எத்தனை தடவை கேப்ப?" என்று எரிந்து விழுந்தாள். மானேஜர் கடிதம் எதுவும் வரவில்லை என்று சாதித்தார், பாவம், அந்த ஒரு விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. கடைசியில் சின்னவள், உடல்குறையைக் காட்டி வேலையிடத்தில் ஒதுக்கினால் விசாரிக்கும் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அந்த அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. அதைப் பற்றிய புகார் ஒன்றும் ஒன்பது வருடமாக அங்கேயே இருக்கிறது.

விசாரணையன்று சின்னவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறி வந்தாள். டாக்டர் கடிதம் இருந்தது நிரூபணமாகாவிட்டால் வேலை அன்றோடு போய்விடும். அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சாட்சியாக வந்திருந்த பெரியவளிடம், "லெட்டரை யார்கிட்ட குடுத்தீங்கம்மா?" என்று கேட்டார். பெரியவள் வாயைத் திறக்கவும் படிக்கட்டில் இரும்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. பெரியவளின் மிஷின் கதவை முட்டித் திறந்துகொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றது. பெரியவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். எல்லோரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். பிறகுதான் இழுப்பறை ஞாபகம் வந்தது.

எதற்கு வந்திருக்கிறது என்று கம்பெனி வக்கீல் அதன் இழுப்பறையை இழுத்துப் பார்த்தார். பியூன் பார்த்தார். அசையவில்லை.

"விடுங்க சார், அது அக்கா மிஷின். அவளுக்குத்தான் திறக்கும்" என்றாள் சின்னவள், சந்தேகமே இல்லாத முகத்தோடு. மூன்று மாடி ஏறியதில் அவளுடைய இடது கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். சும்மா நின்றிருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. முழங்காலால் கீழே ஒரு தட்டுத் தட்டி, இடப்பக்கமாகச் சாய்த்து இழுத்தாள். எண்ணெய்க் கறையோடு கடிதம் இருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லைம்மா."

அதிகாரி அம்மாளுக்கு விளங்கவில்லை, சொன்னபடியே எழுதிக்கொண்டார். சின்னவளுக்கு விளங்கியது. விளங்கியதால் மன்னித்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம்.

கடிதம் கைக்கு வராவிட்டாலும், கேட்டில் நின்று சொன்னவளை ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சின்னவளுக்கு உள்ளே, ஜன்னலோரம், தனி இடம். தன் மேலேயும் குற்றம் எழுதியிருந்ததால் பெரியவளை வேலையை விட்டு அனுப்பக் கம்பெனிக்கு வாய் வரவில்லை. பதினோரு மாதம் சின்னவள் அக்காவிடம் பேசவில்லை. அம்மா அழுதும் பேசவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், பெரியவளின் மிஷின் வரிசையை விட்டு நகர்ந்து ஜன்னலோரம் போய் நின்றிருந்தது. சூப்பர்வைசர் அது நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனார். பெரியவள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சின்னவள் தலை நிமிராமல், "வெளிச்சத்தை மறைக்குது, தள்ளிக்கோ" என்றாள்.

பெரியவள் கொஞ்சம் தள்ளிக்கொண்டாள். நூலைக் கோத்தாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"உன்னுது கேட்டோட நின்னுடுச்சுடி. என்னுது மூணு மாடி ஏறிச்சு."

மணி எட்டு அடித்தது. இருவரும் தைக்க ஆரம்பித்தார்கள்.