எமிலியாவுக்குக் கொடுத்த ஜின்

மகள் மிதுஷா கட்டப்போகிற டெனிஷ் பொடியனின் தாய் எமிலியா, ஸ்லோன் என்ற காட்டுப்பழம் ஊறிய ஜின் மது என்றால் தனக்கு உயிர் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். கமலாதேவி அதை மனதில் வைத்துக்கொண்டாள். பலகாரம் எல்லாரும் கொண்டுபோவார்கள். சம்பந்திக்கு அவள் விரும்புவதையே செய்து கொடுக்க ஆசை. ஒக்டோபரில் வைலே நகருக்கு வெளியே வயலோரப் பற்றைவேலியில், கையெல்லாம் முள் கீற, அந்தக் கருநீலப் பழங்களைப் பிடுங்கினாள். சீனி போட்டு, ஜின் விட்டு, அலுமாரிக்குள் ஊறவைத்தாள். மார்கழியில் வடித்தபோது மாதுளம்பழச் சிவப்பில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போத்தலை வாங்கிய எமிலியா அவளைக் கட்டிப்பிடித்தே விட்டாள்.

மறுநாள் தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், கோப்பி குடிக்கும் நேரம் கமலாதேவி இதைப் பெருமையாகச் சொன்னாள். கூட வேலை செய்யும் கத்தரீனா, பழத்தைச் சரியாகப் பார்த்துத்தான் பிடுங்கினாயா என்று கேட்டாள். அதே வேலிகளில் லிகுஸ்டர் என்ற செடியும் நிற்குமாம். அதன் பழமும் கறுப்பு, ஆனால் நஞ்சு.

கமலாதேவிக்குக் கடைசிப் பழங்களை வெளிச்சம் மங்கிய மைம்மல் பொழுதில் அவசர அவசரமாகப் பிடுங்கியது நினைவுக்கு வந்தது. எமிலியாவுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. வீட்டில் நின்ற கணவர் பாலேந்திராவுக்கு எடுத்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்த மனிசிக்கு நான் நஞ்சைக் குடுத்திட்டனோ தெரியேல்லை.”

அவர் பதறவில்லை. எப்படி அடையாளம் காண்பது என்று கத்தரீனாவிடம் கேட்கச் சொன்னார். ஸ்லோனுக்குள் பெரிய ஒற்றைக் கொட்டை இருக்கும், மற்றதில் சின்னச் சின்ன விதைகள்தான் என்றாள் அவள். நல்லவேளை, வடித்த பழங்களை ஜாம் காய்ச்சலாம் என்று கமலாதேவி பிரிஜ்ஜில் எடுத்து வைத்திருந்தாள். பாலேந்திரா அவற்றைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாய்ப் பிதுக்கினார். போனைக் காதோடு அழுத்தியபடி அவள் உடுப்பு மாற்றும் அறையில் நின்றாள். கொட்டைகள் தட்டில் விழும் சத்தம் கேட்டது.

“ஒண்டு விடாமல் பாத்திட்டன். எல்லாம் ஒற்றைக் கொட்டைதான். பயப்பிடாதையும்.”

கமலாதேவி அப்படியே வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள். கண்ணீர் தன்பாட்டில் ஓடியது.

சற்று நேரத்தில் எமிலியாவே எடுத்தாள். நீச்சல் தடாகத்தில் நின்றாளாம், போன் உடுப்பு வைக்கும் பெட்டிக்குள் கிடந்ததாம். தானும் தங்கையும் நேற்றிரவே பாதிப் போத்தலை முடித்துவிட்டதாகச் சொன்னாள். கமலாதேவி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். எமிலியா வாய்விட்டுச் சிரித்து, வருகிற ஒக்டோபர் தானும் பழம் பிடுங்க வருவதாகச் சொன்னாள்.

“வாங்கோ,” என்று டெனிஷில் சொல்ல வேண்டியதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, கமலாதேவி முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.